எண் காட்டாத அழைப்பு

புலம்பெயர்ந்து வந்த நோபல் பார்க் புறநகரில் அம்மா, தங்கை, நான் மூவரும் தற்காலிக விசாவில் இருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் அழைப்புகளில் ஆங்கிலம் பேசுவது நான்தான் என்பதில் எனக்குப் பெருமை. எண் காட்டாத அழைப்பு மட்டும் குடிவரவுத் துறையினுடையதாக இருக்கும், எடுக்கவே கூடாது என்று நானே வீட்டில் சட்டம் போட்டிருந்தேன்.

அண்மையில் ஒரு மதியம் அப்படியோர் அழைப்பு திரும்பத் திரும்ப வந்தது. பிறகு அம்மாவின் போனும் அடித்தது.

"எடுக்காதேங்கோ அம்மா!"

திரைச்சீலையை மூடினேன். சற்று நேரத்தில் வாசலில் கார் நின்று, கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிடித்துப் போக வந்துவிட்டார்கள் என்றே நினைத்தோம்.

"அன்ரி, திறவுங்கோ! பள்ளிக்கூடத்தில இருந்து வாறன். சின்னவளுக்கு மூச்சு எடுக்க ஏலாமல் போட்டுது. அம்புலன்சில ஏத்தியாச்சு."

தங்கையின் பள்ளியில் தமிழ்க் குடும்பங்களுக்கு உதவும் அலுவலர் அவர். அழைப்பை எடுக்காத காரணத்தை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவருடைய காரில் சொன்னேன்.

"பள்ளிக்கூட போனில நம்பர் விழாது, பிள்ளை. விசா கேக்கவே நாங்கள் போன் அடிக்கிறம்? பயமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

ஆஸ்பத்திரியில் தங்கை ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "ஏனக்கா வரேல்ல?" என்றாள். முகமூடியை மறுபடி அவள் முகத்தில் பொருத்தினேன்.

தங்கை தேறிவிட்டாள். எங்கள் பயத்தைப் பள்ளியில் சொல்லிவிட்டேன். இப்போது குறுஞ்செய்தி அனுப்பிவிட்டே அழைக்கிறார்கள். செய்தி வராவிட்டாலும் எண் காட்டாத அழைப்பை முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். பயம் போய்விடவில்லை. குடிவரவுத் துறையாக இருந்தால் இருக்கட்டும். அது தங்கைக்காகவும் இருக்கலாம்.