வாயில் நுழைந்த பெயருக்கு ஓட்டு

அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபின், நாங்கள் வசிக்கும் சுகர் லேண்டில் முதன்முறையாக ஓட்டுப் போடப் போனேன். கவர்னருக்கு யார் என்று முடிவு செய்திருந்தேன். அது போதும் என்று நினைப்பு. ஓட்டுப் போடும் தடுப்புக்குள் போய், பெயருக்கு நேரே துளை போட வேண்டிய சீட்டைப் பார்த்தால், பக்கம் பக்கமாக நீதிபதி வேட்பாளர்கள்! இங்கே நீதிபதியையும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். சின்னமும் இல்லை, கேள்விப்பட்ட பெயரும் இல்லை. ஒன்றை விட்டாலும் மொத்த ஓட்டும் செல்லாது என்று நானாகவே பயந்துகொண்டேன்.

“ஏங்க, ஜட்ஜுக்கெல்லாம் யாருங்க?” என்று பக்கத்துத் தடுப்பிலிருந்த கணவரிடம் கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? ஏதாவது பஞ்ச் பண்ணிட்டு வா, ஆபீஸுக்கு லேட் ஆகுது.”

பேசக்கூடாது என்று தேர்தல் அலுவலர் அதட்டினார். பின்னால் நீண்ட வரிசை. வெளியே வரத் தைரியமில்லாமல், வாயில் நுழைந்த பெயர்களுக்கெல்லாம் துளை போட்டேன்.

சில மாதங்களில், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களைக் கூப்பிடும் ஜூரி டியூட்டிக்கு அழைப்பு வந்தது. நீதிபதியின் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். நான் துளை போட்ட பெயர். சாட்சி சொல்ல வந்து ஆங்கிலத்தில் தடுமாறிய ஒரு பெண்ணிடம் அவர் எரிந்து எரிந்து விழுந்தார். அவள் அழுதேவிட்டாள். எழுந்து போக வழியில்லை. நாள் முழுக்க அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் தேர்தலுக்கு முன்பே, கட்சி சாராத அமைப்பொன்று வெளியிடும் கையேட்டை நூலகத்திலிருந்து எடுத்து வந்துவிடுகிறேன். எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே கேள்விகள். பதில்கள் அவரவர் வார்த்தையிலேயே இருக்கும். படித்தும் புரிபடாத ஆளென்றால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். மற்ற ஓட்டுகள் செல்லும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்ணின் அழுத முகம்தான் இன்னும் என்னை விடவில்லை.