பின்னோக்கி எட்டுக் காலடிகள்

டெக்சஸில் பிளானோ பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் நாலு ஒன்றாகச் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில்தான் போய் நிற்கும். போன மாதம் ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு. சாம்பார், ரசம் முடிந்து தயிர் சாதத்துக்கு வந்திருந்தோம். அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் பள்ளி மார்ச்சிங் பேண்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்று யாரோ பெற்றோர் கேட்டிருக்கிறார்களாம். ஒருவர் அந்தக் கதையை எடுத்துவிட்டார்.

"என்னங்க அநியாயமா இருக்கு? ஊதிக்கிட்டே நடக்கறதெல்லாம் ஸ்போர்ட்ஸா? அப்ப நம்ம ஊர் கல்யாண ஊர்வலத்துல பேண்டு வாசிச்சவங்க எல்லாம் ஒலிம்பிக்ஸ் போயிருக்கணுமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த மாதிரி இடத்தில் வாயை அடக்க எனக்கு வராது. மேஜைக்கடியில் என் கணவர் காலால் தட்டித்தான் என்னை நிறுத்துவார். அன்று அவருக்கு அந்த வேலை இல்லை. நானாகவே தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அதே கிண்டலை அதே சிரிப்போடு நான் என் மகளிடம் அடித்திருக்கிறேன், அதுவும் அவள் கால் எலும்பில் விரிசல் விட்டிருந்த நேரத்தில்.

நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சியில் படித்துவிட்டு இங்கே வந்து, திரும்பவும் பரீட்சைகள் எழுதி, பதினாறு வருடமாக அடுத்தவர்களின் முட்டியோடும் தோளோடும் மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. டெக்சஸில் இந்த வேலைக்கு வந்தால் அமெரிக்க ஃபுட்பால் ஆடும் பள்ளிப் பையன்களிடமிருந்து தப்ப முடியாது. ஆறடி உயரத்தில் வந்து, ஊசியைப் பார்த்த குழந்தை மாதிரி முழிப்பார்கள். அவர்களிடம் எனக்குப் பொறுமை அதிகம். தொடுவதற்கு முன்பே கால் மணி நேரம் கேள்விதான். எங்கே வலி, எப்போது ஆரம்பித்தது, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதா, ஓடி முடித்த பிறகா, பத்துக்கு எத்தனை? கேட்டுக் கேட்டே பாதி வைத்தியம் நடந்துவிடும் என்று எனக்கு ஒரு பெருமை.

என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து கிளாரினெட் வாசிக்கிறாள். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் மார்ச்சிங் பேண்டில் சேர்ந்தாள். அதில் சேர்ந்தால் உடற்பயிற்சி வகுப்புக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை என்று பள்ளியில் சொன்னார்கள். ஒரு பாட வேளை மிச்சமானால் இன்னொரு கடினமான பாடம் எடுக்கலாமே என்று நான் கையெழுத்துப் போட்டேன். நடப்பதை எதற்கு உடற்பயிற்சியாகக் கணக்கு வைக்கிறார்கள் என்று அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அன்றே விஷயம் புரிந்திருக்கும்.

அவளுடைய கடைசி வருடம், செப்டம்பர் மாதம். ஒரு நாள் சாயங்காலம் பயிற்சி முடிந்து வந்து, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "அம்மா, கால் வலிக்குது" என்றாள்.

நான் சாம்பாருக்குப் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபுட்பால் ஆடறவனுக்கு வலிச்சா அர்த்தம் இருக்கு. நீ கிளாரினெட் தூக்கிட்டு நடக்கற. அது ஒரு முருங்கைக்காய் வெயிட் இருக்குமா? வேற ஷூவ போட்டுக்கோ" என்றேன். நான் சொன்னது எனக்கே வேடிக்கையாக இருந்ததால் சிரிக்கவும் செய்தேன். அவளும் லேசாகச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். ஃபோனைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறாள் என்று அதற்கும் திட்டினேன்.

ஒரு சனிக்கிழமை காலை படியில் உட்கார்ந்து சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள். துணிக்கூடையோடு அவளைத் தாண்டும்போது என் கை அவள் வலது பாதத்தின் மேல் பட்டது. "ஆ" என்று உதட்டைக் கடித்தாள். கூடையை வைத்துவிட்டு அந்த இடத்தில் கட்டை விரலால் மெதுவாக அழுத்தினேன். அவள் கண்ணில் நீர் முட்டியது. இரண்டாவது விரலுக்கு நேர் மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வீக்கம். அடுத்தவர் பிள்ளையாக இருந்தால் நடந்து வரும்போதே சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை எலும்பு மருத்துவரிடம் போனோம். காத்திருக்கும் இடத்தில் கொடுத்த படிவத்தில், விளையாட்டுகளில் ஈடுபடுகிறாரா என்ற கேள்விக்கு நேராக, பழக்க தோஷத்தில் "இல்லை" என்று குறித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அதைப் பார்த்தாள்.

மருத்துவர் படத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். "விளையாட்டு எதுவும் இல்லையென்றால் இது எப்படி வந்தது?" என்று கேட்டார். பேண்டில் இருக்கிறாள் என்று நான் ஏதோ மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தரையில், எப்படிக் கால் வைப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நானும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். ஜூலைக் கடைசியில் பார்க்கிங் லாட் தாரில் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும். பள்ளி திறந்த பிறகு வகுப்புக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. பின்னோக்கி நடக்கும்போது குதிகால் தரையில் படக்கூடாது, முழு உடம்பும் முன்பாதத்தில்தான் நிற்க வேண்டும். இந்த வருடக் காட்சியில் கிளாரினெட் வரிசைக்குப் பாதி நேரம் பின்னோக்கி நடைதான், அதுவும் கிட்டத்தட்ட ஓடுகிற வேகத்தில்.

அவர் சொன்ன பெயர் மார்ச் ஃப்ராக்சர். பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்து நடந்து நடந்து கால் எலும்பு விரிசல் விட்டவர்களைப் பார்த்து வைத்த பெயர். கல்லூரிப் பரீட்சையில் அதைப் பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்குப் படம் வரைந்து எழுதியவள் நான். அணிவகுத்து நடக்கிற ஒருத்தி என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது டோல்வேயில் கார் ஓட்டிக்கொண்டே, "ஏண்டி சொல்லல?" என்று கத்தினேன். தப்பு என் பக்கம் இருந்தால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும்.

"சொன்னேனே மா. ஒன் டைம் சொன்னேன்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ அந்த ஃபுட்பால் பசங்கள கேக்கற மாதிரி என்னைக் கேக்கல. அகெய்ன் சொன்னா பேண்ட்லேர்ந்து எடுத்துடுவன்னு நெனச்சேன்."

அடுத்த எக்ஸிட்டில் இறங்க வேண்டியதை விட்டுவிட்டு ரொம்ப தூரம் போய்த் திரும்பி வந்தோம்.

ஆறு வாரம் பூட் போட வேண்டும் என்றார் மருத்துவர். கால் அசையாமல் முட்டிக்குக் கீழே முழுக்க மூடுகிற பெரிய கறுப்பு பூட். அவளுடைய கடைசிப் போட்டி ஐந்தாவது வாரத்தின் சனிக்கிழமை. அதற்குள் வலி இல்லாமல் நடக்க முடிந்தால் பார்க்கலாம், நீங்கள் இந்தத் துறையில் இருப்பவர், நீங்களே சோதித்து முடிவு செய்யுங்கள் என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். மகளுக்கு அது போதுமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமையை நினைத்துக்கொண்டுதான் அவள் தினமும் பூட்டை மாட்டினாள்.

வலது காலில் பூட் இருந்ததால் அவளால் கார் ஓட்ட முடியாது. பயிற்சிக்கு நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். ஓரமாக நின்று வாசிப்பாள். நான் காரிலிருந்தே பார்ப்பேன். மூன்று வருடத்தில் அதுவரை நான் ஒரு பயிற்சியைக்கூடப் பார்த்ததில்லை.

ஒலிபெருக்கியில் டக் டக் என்று தாளம் மட்டும் ஓடும். பன்னிரண்டு எண்ணிக்கை நடையை முப்பது தடவை, நாற்பது தடவை. யாராவது அரை அடி தள்ளி நின்றால் எல்லாரும் முதலிலிருந்து. ஓடவும் மூச்சு வேண்டும், ஊதவும் மூச்சு வேண்டும், இருப்பதோ ஒரே நெஞ்சு. ஒரு பையன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கே திரும்பி ஓடினான். எனக்குக் காரில் உட்கார முடியவில்லை. பக்கத்து மைதானத்தில் ஃபுட்பால் பயிற்சி. அங்கே ஒருவருக்குக் கால் பிசகினால் ஓடி வர ஆள் இருந்தார், ஐஸ் இருந்தது, கட்டுப்போடத் துணி இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் தண்ணீர்க் கேன்கள் மட்டும். இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். ஃபுட்பாலில் ஒருவர் விழுந்தால் பெஞ்சிலிருந்து இன்னொருவர் எழுந்து போகிறார். இங்கே பெஞ்சே கிடையாது. ஒருத்தி வராவிட்டால் அவள் இடம் அப்படியே ஓட்டையாக நிற்கும்.

அடுத்த வாரம் கிளினிக்கிலிருந்து ஐஸ் பெட்டியும் கட்டுப்போடும் டேப்பும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பேண்ட் ஆசிரியர் மறுப்பே சொல்லவில்லை. முதல் நாள் ஒரு புல்லாங்குழல் பெண் கணுக்காலைக் காட்டினாள். இரண்டு நாளில் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். என் மகள் பூட்டை இழுத்துக்கொண்டு வரிசையை ஒழுங்கு செய்தாள். நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன், எங்கே வலி, எப்போது ஆரம்பித்தது, பத்துக்கு எத்தனை. பாதிப் பேர் இதற்கு முன்பு யாரும் கேட்காத கேள்வி போல என்னைப் பார்த்தார்கள்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை சாயங்காலம். பள்ளி விட்டு வந்ததும் பூட்டைக் கழற்றிவிட்டு மகள் சமையலறையில் வந்து நின்றாள்.

"போன வருஷம் அந்த ஃபுட்பால் பையனுக்கு டேப் பண்ணி செமிஃபைனல் ஆட விட்டல்ல. எனக்கும் பண்ணும்மா. ஷோ எய்ட் மினிட்ஸ்தான். ஜஸ்ட் எய்ட் மினிட்ஸ்" என்றாள்.

அவனுக்கு இருந்தது சுளுக்கு. இது எலும்பு. அது அவளுக்கும் தெரியும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சம்மதிக்க வேண்டும் போல இருந்தது. அந்த முருங்கைக்காய்ப் பேச்சுக்கு ஒரு பரிகாரமாக, போ, நடந்துவிட்டு வா என்று அனுப்பிவிடலாமா என்று தோன்றியது. அந்தப் பையனுக்கு எப்படிச் செய்தேனோ அப்படித்தான் இவளுக்கும் செய்ய வேண்டும் என்று என்னை நானே பிடித்து நிறுத்தினேன். அவனைச் சோதித்த பிறகுதான் அனுப்பினேன்.

அழுத்திப் பார்த்தேன். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். முன்பாதத்தில் எழச் சொன்னேன். எல்லாம் செய்தாள். பிறகு ஃபோனில் தாளத்தைப் போட்டு, அடுப்பிலிருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் பின்னோக்கி எட்டுக் காலடி நடக்கச் சொன்னேன். முதுகு நிமிர்ந்து, கிளாரினெட் இல்லாமலே கைகளை அதன் இடத்தில் வைத்துக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் நடந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. மைதானத்தில் எது நடந்தாலும் முகத்தில் காட்டக்கூடாது என்று மூன்று வருடம் பழக்கியிருக்கிறார்கள். பதினாறு வருட அனுபவம் அந்த முகத்துக்கு முன்னால் செல்லாக் காசு.

எட்டாவது அடியில் ஃபிரிட்ஜில் முதுகு பட நின்றாள். எனக்குக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து பாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எங்க வலிக்குது? எப்போலேர்ந்து? பத்துக்கு எத்தனை?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் நம்பியிருப்பேன். நம்புவேன் என்று அவளுக்கும் தெரியும்.

"அஞ்சாவது ஸ்டெப்லேர்ந்து வலிக்குதுமா. ஆறு" என்றாள். அப்புறம் உடைந்து அழுதாள். நானும் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஃபோனில் தாளம் ஓடிக்கொண்டே இருந்தது, இரண்டு பேருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

மறுநாள் பேண்ட் ஆசிரியர் கிளாரினெட் வரிசையைக் கூப்பிட்டு, நெருங்கி நின்று இடத்தை மூடிவிடலாமா என்று கேட்டாராம். மூட வேண்டாம், அவள் இடத்தைக் காலியாக விட்டே நடக்கிறோம் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் போட்டி. மகள் சீருடையும் பூட்டுமாக மைதானத்தின் ஓரத்தில், பெரிய தாள வாத்தியங்களுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். நான் இருந்த இடத்திலிருந்து அவள் தெரியவில்லை. இருநூறு பேர் ஒரே தொப்பியில், ஒரே உடையில். மூன்று வருடமும் ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் அவர்கள் வரும்போதெல்லாம், இதில் என் பெண் எங்கே என்று இரண்டு நிமிடம் தேடிவிட்டு நாச்சோஸ் வாங்க எழுந்து போயிருக்கிறேன். அன்று தேடவே வேண்டியிருக்கவில்லை. கிளாரினெட் வரிசை பின்னோக்கி வேகமாக வந்தது. நடுவில் ஓர் ஆள் அளவுக்கு வெற்றிடம், அதுவும் வரிசையோடு சேர்ந்து வந்தது. வரிசை வளைந்தால் வளைந்தது, திரும்பினால் திரும்பியது. இரண்டு பக்கமும் இருந்த பிள்ளைகள் அங்கே ஓர் ஆள் நடப்பது போலவே இடைவெளி காத்தார்கள்.

பக்கத்து இருக்கையில் ஓர் அமெரிக்க அப்பா. பேண்ட் பெற்றோர்கள் வழக்கமாகக் கேட்பதுதான், என் பக்கம் சாய்ந்து, "இதில் உங்கள் பிள்ளை எது?" என்று கேட்டார்.

"அந்த கிளாரினெட் வரிசையில் ஓர் இடம் காலியாக நடக்கிறது பாருங்கள், அதுதான் என் மகள்" என்றேன்.