கதவைத் திறந்தவள்

திண்டுக்கல்லில் என்னைத் தெரியாதவர்களுக்கும் என் சமையல் தெரியும். நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு என் கணவர் ஆஸ்பத்திரியில் படுத்தது, தோசைக் கரண்டியோடு நான் அவரைத் தெருமுனை வரைக்கும் துரத்தியது எல்லாம் கல்யாண வரவேற்புகளிலும் கல்லூரி விழாக்களிலும், பிறகு டிவியிலும் சொல்லப்பட்டவை. அவர் நகைச்சுவைப் பேச்சாளர். மைக்கைப் பிடித்ததும் "எங்க வீட்டம்மா இருக்காகளே..." என்று இழுப்பார். அதற்கே கைதட்டல் விழும். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். புது வகுப்புக்குள் நுழைந்தால் பின்பெஞ்சிலிருந்து யாராவது "ஏங்க..." என்று மெல்ல இழுப்பார்கள். மேடையில் என் குரல் என்று அவர் போடும் குரல் அது. என் குரல் அப்படி இருக்காது. ரசமும் நன்றாகவே வைப்பேன்.

கோபம் வரும்தான். ஆனால் அந்த ரசத்தில்தான் எங்கள் வீட்டு மாடி எழும்பியது என்பதால் அடக்கிக்கொள்வேன்.

அவருடைய கதை எப்படி உருவாகும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்து மறந்துவிட்டேன், பாத்திரம் அடிப்பிடித்தது. நடந்தது அவ்வளவுதான். சாயங்காலம் அதையே எனக்குத் திருப்பிச் சொன்னபோது வீடெல்லாம் புகையாகியிருந்தது. மறுநாள் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர் குடத்தோடு ஓடி வந்தார். மேடைக்குப் போனபோது தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. டிரைவர் இறங்கி, டீ போடக் கொஞ்சம் பால் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டார். இதைப் பொய் என்று அவர் நினைத்ததில்லை. கதையை "ஏத்துறேன்" என்பார். நிஜமாக மனதைத் தொட்ட விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவருக்குப் பேச்சே வராது. அவருடைய அப்பா இறந்ததை ஒவ்வொருவருக்காகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரிடமும் அதே வாக்கியம், ஏற்ற இறக்கமில்லாத அதே குரல்.

அவரோடு மேடையில் ஜோடியாகப் பேச ஒரு பெண் சேர்ந்தாள். காந்திகிராமத்துப் பக்கம். நல்ல கெட்டிக்காரி, அவரையே மடக்கிவிடுவாள். நிகழ்ச்சிக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் சேலை மாற்றிக்கொள்வாள்; நான்தான் கொசுவம் பிடித்துப் பின் குத்திவிடுவேன். "அக்கா, நெசமாவே ரசம் சூப்பருக்கா" என்பாள். பிறகு திடீரென்று வருவதை நிறுத்தினாள். வேறு நல்ல வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்று இவர் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து அவள் ஒரு வீடியோ போட்டாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து வரும்போது, பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறேன் என்று சொன்ன என் கணவர் காரைச் சிறுமலைப் பாதையில் திருப்பினார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் கையை விடவில்லை. இவள் உதறிவிட்டு இறங்கி, இருட்டில் தனியாக நடந்தே கீழே வந்தாள். தேதியையும் சொன்னாள். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பதாகவும் சொன்னாள்.

அந்த வாரத்திலேயே டிவிக்காரர்கள் இவரை விலக்கிவிட்டார்கள். விழாக் கமிட்டிகள் ஒவ்வொன்றாகப் போன் போட்டு, "இந்த வருசம் வேணாண்ணே" என்றார்கள். தங்களிடமும் இப்படி நடந்துகொண்டார் என்று இன்னும் இரண்டு பெண்கள் எழுதினார்கள். வீடியோவுக்குக் கீழே கருத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அந்தப் பெண்ணைத் திட்டினார்கள். ஒருவன், அப்படி ஒரு பொண்டாட்டி வாய்த்தால் மனுசன் வேறு என்ன செய்வான் என்று எழுதியிருந்தான். அதற்கு ஏகப்பட்ட சிரிப்புப் பொம்மைகள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வைக்காத ரசம் அவருக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளியில் பின்பெஞ்சு "ஏங்க" நின்றுபோனது. அந்த அமைதி இன்னும் பயமாக இருந்தது.

வீடியோ வந்த அன்றே அவரிடம் கேட்டேன். "பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிட்டேன், வீட்டுக்கு வந்தேன், அம்புட்டுத்தான்" என்றார். நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதுதான் சரி. இரண்டு நாள் கழித்து வக்கீலிடம் சொல்லும்போது பஸ் ஸ்டாண்டில் ஒருவர் செல்ஃபி கேட்டு வந்தார். அடுத்த முறை அந்த ஆளுடைய போனில் இடமில்லை. தன் மாமியார் படத்தை அழித்துவிட்டு இவர் படத்தை எடுத்துக்கொண்டார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கை காய் நறுக்கிக்கொண்டிருந்தது. கதை ஏறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய நண்பர் கேமராவோடு வந்தார். "உங்க முகத்த இதுவரைக்கும் டிவியில யாரும் பாத்ததில்ல மதினி. நீங்க பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்த சொன்னாப் போதும், சனம் நம்பிரும்" என்றார். குடும்பப் பாங்காக இருக்கட்டும் என்று ஒரு சுங்குடிச் சேலையைக் கணவரே எடுத்து வைத்திருந்தார். கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் கேட்டபடி சொல்லிவிடலாமா என்று ஒரு மனசு. கூடாது என்று ஒரு மனசு. எத்தனை வருடத்து மனுஷர், தெருவில் தலை காட்ட முடியாமல் கிடக்கிறார். அதே சமயம் நான் கொசுவம் பிடித்துவிட்ட பெண்ணின் இடுப்பு என் விரல்களுக்கு ஞாபகம் இருந்தது.

கேமரா ஓடியது. பஸ் ஸ்டாண்டு, செல்ஃபி ஆள் எல்லாம் வந்துபோனார்கள். "நேரா வீட்டுக்கு வந்து பெல்ல அடிச்சேன். மணி ஒம்பதரை. எங்க வீட்டம்மாதான் கதவத் தொறந்தாக. 'ஏங்க, இம்புட்டுச் சீக்கிரமா வந்துட்டீங்க, ரசம் வைக்கவா'ன்னாக" என்று நிறுத்தினார். சனம் சிரிப்பதற்கு விடும் இடம் அது. பழக்கதோஷத்தில் கேமராக்காரர் சிரித்தும்விட்டார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நான் சின்னாளபட்டியில இருந்தேன்" என்றேன். "அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன். சாயங்காலம் பூரா உங்களுக்குப் போன் போட்டேன், நீங்க எடுக்கவே இல்ல."

அவர் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாக அவருக்கு அது ஞாபகமே இல்லை. எனக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். அவர் கதையில் பொண்டாட்டி எப்போதும் வீட்டில் இருப்பாள். பெல் அடித்தால் வந்து திறப்பாள். அன்று வீடு பூட்டிக்கிடந்ததை அவர் சுத்தமாக மறந்திருந்தார்.

கேமராக்காரர் நிறுத்தினார். "அது யாருக்குத் தெரியப் போகுது மதினி?"

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

"ஒரு வார்த்ததான் புள்ள" என்றார் இவர். "தொறந்தேன்னு மட்டும் சொல்லு."

"தொறந்தவ நானில்லங்க. எவ தொறந்தாளோ அவளக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சுப் பேசச் சொல்லுங்க."

எழுந்து போய்ச் சேலையை மாற்றினேன். மத்தியானம் சோறு போட்டேன், வெஞ்சனம் அவரைக்காய். அவர் சோற்றில் கை வைக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பஸ் ஸ்டாண்டுக்குப் போகல. மலை ரோட்டுல திருப்பினேன். வேணாம்னு சொன்னா, நான் கைய விடல. அவ எறங்கி நடந்தே போயிட்டா."

செல்ஃபி ஆள் இல்லை, யாருடைய குரலும் இல்லை, எங்கேயும் நிறுத்தவில்லை. அவர் சொன்ன எதையும் நான் அப்படி நம்பியதில்லை. எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவும்தான் அழுதேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"இதையே ஸ்டேஷன்ல போயிச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா என் பொழப்பே போச்சு."

"அந்தப் புள்ளைக்கும் போனது பொழப்புத்தாங்க."

அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். ராத்திரி யோசித்து ஒரு முடிவுக்கு வருவார் என்று நினைத்தேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது முன்னறையில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது. "எங்க வீட்டம்மா ஊருக்குப் போயிருந்தாக. நானே சாவியப் போட்டுத் தொறந்தேன். பசி தாங்கல, அடுப்படிக்குப் போனா அவக வச்சிட்டுப் போன பழைய ரசம். மூடியத் தொறந்து மோந்து பாத்தேன் பாருங்க..."

நிறுத்தினார். போனுக்கு அந்தப் பக்கம் யாரோ சத்தமாகச் சிரிப்பது எனக்கே கேட்டது.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, மகளிர் காவல் நிலையத்துக்குப் பஸ் ஏறினேன்.