இதயத்தின் நடுச்சுவர்

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குத் தென்காசிக்குப் போயிருந்தேன். தலை, முதுகெலும்பு, கை, கால் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்த டாக்டரம்மா, நெஞ்சுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கருவியை ஒரே இடத்தில் வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்தார். என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். பிறகு, "இதயத்துல கீழ் அறை ரெண்டுக்கும் நடுவுல உள்ள சுவர்ல சின்னதா இடைவெளி மாதிரி தெரியுது. உறுதியாச் சொல்லல. திருநெல்வேலியில எக்கோ பாத்துருங்க, அடுத்த வாரம் நேரம் வாங்கித் தாரேன்" என்றார்.

நான் சுரண்டையில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. கருவில் இதயம் உருவாகும் விதத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். மூன்றாவது வாரத்தில் அது வெறும் குழாய். இரண்டு மெல்லிய குழாய்கள் ஒட்டி ஒன்றாகி, வயிற்றில் கரு இருப்பதைத் தாய் அறிவதற்கு முன்பே துடிக்கத் தொடங்கிவிடும். பிறகு அந்தக் குழாய் நீண்டு, இருக்கிற இடம் போதாமல் வலப்பக்கமாக வளைந்து மடங்கும். அதன்பின் உள்ளே சுவர்கள் எழும்பும். கீழறைகளின் நடுச்சுவர் அடியிலிருந்து மேல்நோக்கி வளர்ந்து, இரண்டாம் மாதம் முடிவதற்குள் மூடிக்கொள்ளும். இவ்வளவும் துடிப்பு நிற்காமலேயே நடந்தாக வேண்டும்.

வீடு வந்து சேரும் வழியெல்லாம் அந்த இரண்டாம் மாதத்தைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். அப்போது விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. சித்திரை வெயிலில் திருவேங்கடம் என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன்; பஸ்ஸில் உட்கார இடமில்லை. இரண்டு நாள் சளி. இதில் எது? எதுவுமில்லை என்றுதான் என் படிப்பு சொன்னது. மனம் கேட்கவில்லை.

அந்த வாரம் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். புகை வந்த பிறகுதான் நினைவு வரும். வகுப்பில் படம் வரையும்போது நடுச்சுவர் வரைக்கும் வந்து சாக்பீஸை வைத்துவிட்டேன். மீதியைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துக் கிளம்பினேன். குத்துக்கல்வலசையில் இருக்கும் வீட்டுக்குப் போகத்தான் நினைத்தேன். தென்காசியில் இறங்கி, குற்றாலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

என் கணவர் போலீஸ். சீசன் என்பதால் அருவியில் அவருக்குப் பாதுகாப்புப் பணி. ஸ்கேன் முடிந்த நாளிலிருந்து குழந்தையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டூட்டிக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், படுத்துக்கொள்வார். அந்த மௌனம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று வெள்ளம் அதிகமாகி, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். துண்டும் எண்ணெய்த் தலையுமாகக் கூட்டம் காத்துக் கிடந்தது. அவர் விசிலை வாயில் வைத்தபடி யாரையோ பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"ஏட்டி, இங்கன எதுக்கு வந்த? வழுக்கி விழவா?"

"நீங்க வீட்டுல பேச மாட்டேங்கீங்க. அதான் வந்தேன்."

அருவி இரைச்சலில் இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கடைகள் இருக்கும் பக்கமாக என்னை அழைத்துப் போனார்.

"என்னத்தப் பேச? நீ படிச்சவ. நீயே இப்படிக் கெடந்து தவிச்சா நான் என்னன்னு நெனைக்க?"

"படிச்சதாலதான் தவிக்கேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவருக்கு அந்தக் குழாயையும், அது மடங்குவதையும், சுவரையும் சொன்னேன். வகுப்பில் சொல்வது போல இல்லை. முன்னும் பின்னுமாக வந்தது.

அவர் கேட்டுவிட்டு, "அப்ப அந்தச் சுவரு வளர இனிமே நாளில்லையா?" என்றார்.

"சின்ன ஓட்டைன்னா பின்னாலயும் மூடலாம். வயித்துல இருக்கும்போதும் மூடும், பொறந்த பெறகும் மூடும்."

"இதை மொதல்லயே சொல்லப்படாதா? நான் என்னெல்லாமோ நெனச்சுட்டேன்."

ஏன் சொல்லவில்லை? சொல்லி, நடக்காமல் போய்விட்டால் என்ற பயம்தான்.

திருநெல்வேலியில் எக்கோ பார்த்த டாக்டர் வயதில் இளையவர், நிதானமானவர். திரையில் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடியது. நடுச்சுவரின் தசைப் பகுதியில் சின்ன ஓட்டை இருப்பது உண்மைதான் என்றார். நான்கு அறைகளும் பெரிய ரத்தக் குழாய்களும் சரியாக இருக்கின்றன. இந்த மாதிரி ஓட்டை பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். பிறகு மேலறைகளுக்கு நடுவே ஓரிடத்தைக் காட்டி, "இங்கயும் ஒரு வழி இருக்கு. இது இருந்தே ஆகணும். நுரையீரல் இன்னும் வேலை செய்யலை, ரத்தம் இது வழியாத்தான் குறுக்கே போகுது" என்றார்.

வெளியே வந்ததும் என் கணவர், "ஒரு ஓட்டை இருக்கணுங்காரு, இன்னொண்ணு இருக்கக் கூடாதுங்காரு. என்ன கணக்கோ!" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். ஆனால் தூக்கம் அன்றும் வரவில்லை.

கார்த்திகை மழையில் பெண் குழந்தை பிறந்தது. அவள் வீறிட்டு அழுததைக் கேட்டபோது, நுரையீரல் விரிந்திருக்கும், மேலறைகளின் வழி இந்நேரம் அடைபடத் தொடங்கியிருக்கும் என்று நினைத்தேன். வலியிலும் அந்த நினைப்பு வந்தது. மறுநாள் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த குழந்தைகள் டாக்டர், ஓட்டை வழியே ரத்தம் கசியும் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது என்றார். தெரியும் என்றேன்.

அதன்பின் எல்லாமே சந்தேகம்தான். பால் குடிக்கும்போது வேர்த்தால், இதயம் திணறுகிறதோ என்ற பயம். வேர்க்காவிட்டால், சரியாகக் குடிக்கிறாளா என்ற பயம். குளிரில் உதடு கொஞ்சம் வெளிறினாலும் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். முதல் பிறந்தநாளை ஒட்டி எடுத்த எக்கோவில் ஓட்டை சுருங்கியிருந்தது, மூடவில்லை. எடை ஏறுகிறது, போதும் என்றார் டாக்டர். எனக்குப் போதவில்லை.

அதற்கு அடுத்த வருடம் மறுபடியும் திருநெல்வேலி. அதே டாக்டர் வெகுநேரம் தேடினார். என் கணவர் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காணோம். நல்லா மூடிருச்சு" என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்றேன்.

அவர் கோபப்படாமல் மறுபடியும் பார்த்தார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நடுச்சுவர் முழுதாகத் தெரிந்தது. எந்தப் பக்கமிருந்தும் நிறம் கசியவில்லை.

"அதான் மூடிட்டுன்னு சொல்லுதாருல்லா. பிள்ளைக்குப் பசிக்கி, வாட்டி" என்றார் என் கணவர். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஹோட்டலில் இட்லி வாங்கினோம். அவள் இரண்டு வாய் தின்றுவிட்டு, மீதியைத் தரையில் போட்டாள்.