விரல் நீட்டிய பூசணிப் பிஞ்சுகள்

கிளேபாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகளில், வாசலுக்குச் சிமெண்டு போடாதவர் அடுத்த வீட்டு டீச்சர் ஒருவர்தான். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று நாங்களெல்லாம் ஒரு புல்லுக்குக்கூட வழியில்லாமல் பூசி மெழுகிவிட்டோம். அவரோ ஓய்வு பெற்ற கையோடு மண்வெட்டியைப் பிடித்துவிட்டார். வெயிலில் என் வாசல் தோசைக்கல்லாகக் கொதிக்கும். அவர் வாசலில் பூனை படுத்துத் தூங்கும். மழை பெய்தால் என் வாசலில் தண்ணீர் தேங்கும். அவர் மண் அதைக் குடித்துவிடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் தேநீரோடு நேராக மதிலோரம் போய் நின்று, "காத்து எப்படி வருது பாரேன். இந்தத் தாமானுக்கே இவங்க தோட்டம் ஒண்ணு போதும்லா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு செடி வைத்தால் சுற்றுச்சூழல் திருந்திவிடுமா?

விட்டேனா நான்! நர்சரியிலிருந்து கத்தரி, வெண்டை, மிளகாய் என்று தொட்டிகளாக வாங்கி அடுக்கினேன். இலையில் ஓட்டை விழக்கூடாது என்று காலையில் எழுந்து பூச்சிமருந்து அடித்தேன். செடிகள் பளபளத்தன. வீட்டுக்காரர் அப்போதும் மதிலோரம்தான் நின்றார். டீச்சரின் பூசணிக்கொடி பிஞ்சு விட்டிருந்தது.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மதிலருகே நின்று ஒவ்வொரு பிஞ்சாக விரல் நீட்டினேன். ஆபீசில் பத்துப் பேரை மேய்ப்பவள் நான். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

அந்த வாரமே பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. முதலில் மகிழ்ச்சிதான், மறைக்க என்ன இருக்கிறது? டீச்சர் குனிந்து அவற்றைப் பொறுக்குவதைப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. மதிலருகே போய் விரல் நீட்டியதைச் சொல்லிவிட்டேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உன் விரலுக்கு அவ்ளோ பவரா? தேனீ வரலம்மா. முன்னெல்லாம் காலையில பூவுக்கு ரெண்டு மூணு உக்காந்திருக்கும். இப்ப ஒண்ணக்கூடக் காணோம். பக்கத்துல யாரோ மருந்து அடிக்கிறாங்க போல."

மருந்துக் குப்பி என் குழாயடியில்தான் இருந்தது. அவர் தோட்டம் தேனீக்குச் சோறு போட, என் தொட்டிகள் விஷம் வைத்திருக்கின்றன. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அப்படியா டீச்சர்?" என்றுதான் வந்தது.

அவர் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவில் மெல்லத் தடவினார். "அதுங்க வேலைய நாமதான் செய்யணும்" என்றார். யார்மீதும் கோபமில்லாமல் அதை அவரால் சொல்ல முடிந்ததே, அதன்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.