ஐந்தாம் ரீலில் ஒரு செல்லோ

1. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த மறு வருடம், கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் கூடத்தில் ஒலி உதவியாளராகச் சேர்ந்தேன். தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயில்.

2. ரத்தக்காட்டேரிகளை ஒருவன் வாளும் துப்பாக்கியுமாக வேட்டையாடும் ஆங்கிலப் படம் தமிழாக்கத்துக்கு வந்தது.

3. இசை தனி நாடாவில் வந்தது. ஐந்தாம் ரீலில் மட்டும் ஒன்றரை நிமிடம் ஆங்கில வசனத்தோடு கலந்திருந்தது. வசனத்தை நீக்கினால் இசையும் போய்விடும்.

4. அந்த இடத்தை அதே படத்தின் வேறு இசையால் நிரப்பும் வேலை எனக்கு.

5. "தியேட்டர்ல ஒட்டு தெரியலன்னா உன்னைப் பர்மனென்ட் பண்ணிடலாம்மா" என்றார் ஒலிப்பதிவாளர்.

எனக்குப் படம் காட்டப்படவில்லை. படம் ஓட்டும் அறை எப்போதும் வசனம் பேசுபவர்களுக்குத்தான். இசை நாடாவும் அந்த ஒரு காட்சிக்குத் தட்டச்சு செய்த வசனத் தாளும் கொடுத்தார்கள். தாளின்படி, ரயில் நிலையத்தில் ஓர் அப்பா மகளை வழியனுப்புகிறார். அவ்வளவுதான்.

இசையை ஒரு கேசட்டில் பதிந்து விடுதிக்கு எடுத்துவந்தேன். செம்பாக்கத்தில் இருந்த பெண்கள் விடுதி அது. அறைத்தோழி வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போயிருந்தாள். ஞாயிறு முழுக்கக் கேட்டு, துண்டு துண்டாக எண்ணிட்டு எழுதினேன். பதினேழாவது துண்டில் ஒரே ஒரு செல்லோ, அந்த அடிக்குரல் பெரிய வயலின், தொடங்கும். மற்ற வயலின்கள் வெகுநேரம் கழித்துத்தான் சேரும். அடியில் கொம்பு வாத்தியங்கள் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். அதே செல்லோ வேறு துண்டுகளிலும் திரும்ப வந்தது; எல்லாம் பிரிவுக் காட்சிகள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைத் தாம்பரம் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, அப்பா அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிய மதியம் நினைவுக்கு வந்தது. இதுதான் என்று வட்டம் போட்டேன்.

ஒட்டு சுத்தமாக விழுந்தது. வசனத்தையும் இசையையும் சேர்க்கும் கலவையின்போது ரீல் ரீலாகப் பார்த்த ஒலிப்பதிவாளருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

படம் தாம்பரத்துக்கு வந்ததும் மேட்னி காட்சிக்குத் தனியாகப் போனேன். முதல் ரீலில் அந்தச் செல்லோ ஒலித்தது. கூரையிலிருந்து காட்டேரி இறங்கியது. இரண்டாம் ரீலில் ஒலித்தது, ஜன்னல் வழியாக வந்தது. மூன்றாவது முறை கேட்டபோது பக்கத்து இருக்கைப் பெண் முன்கூட்டியே கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாம் ரீலில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

ரயில் நிலையம். அப்பா மகளுக்குச் சால்வை போர்த்துகிறார். செல்லோ.

"ஐயோ அக்கா, அப்பாதான் காட்டேரி!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் அலறினாள்.

"சும்மா இருடி, பாக்க விடு."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "யம்மா ஓடிடு! நைனா கடிச்சுடுவாரு!"

ஒரே விசில். அப்பா மகளின் நெற்றியில் முத்தமிட்டு, பெட்டியைக் கொடுத்துவிட்டு நடந்து போனார். "இன்னாபா, கடிக்கவே இல்ல!" என்று அதே குரல் சலித்துக்கொண்டது. தியேட்டரே சிரித்தது. எனக்கு இப்போதும் அது சோகமாகவே கேட்டது.

திங்கட்கிழமை ஒலிப்பதிவாளரிடம் சொன்னேன்.

"ஒட்டு தெரிஞ்சுதா?"

"இல்ல சார். ஆனா அது காட்டேரி வர்றதுக்கு முன்னாடி வர்ற மியூசிக். அப்பாவுக்குப் போட்டுட்டேன்."

"ஜனம் கத்துச்சா?"

"ரொம்ப சார்."

"அப்ப நல்லதுதானே! நீயா வந்து சொல்லலன்னா யாருக்கும்மா தெரியப் போகுது?"

படப் பிரதிகள் எல்லா ஊருக்கும் போய்விட்டன, திருத்த முடியாது என்றார். அடுத்த படத்திலிருந்து முழுப்படத்தையும் பார்க்காமல் நாடாவைத் தொட மாட்டேன் என்றேன். அப்படியே பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு நாள் கூடுதலாகிறது. கூடத்தில் அதைப் பற்றி முணுமுணுப்பு இருக்கிறது. என் வேலை இன்னும் தற்காலிகம்தான்.