தலைமாட்டுக் கல்

எங்கள் ஊர் மயானத்துக்கு இப்போது நீலத் தகரக் கூரை, எரிமேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வந்துவிட்டன. வாசலில் கருப்புக் கல் பலகை. அதில் நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் மட்டும் பொன்னெழுத்தில். உள்ளே கிடப்பவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் தாத்தாவும் அவருடைய கூட்டாளிகளும் கையகல நிலமில்லாத கூலிக்காரர்கள். டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே கல்லும் முள்ளுமாகக் கிடந்த தரிசைத் திருத்தினார்கள். முதல் வருஷமே தாத்தாவின் தம்பியைப் பாம்பு கடித்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் சுடுகாட்டில் இடம் கொடுக்கவில்லை. அறுப்புக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனவர்கள்தான் அவர்கள். வேறு வழியில்லாமல் திருத்திய நிலத்தின் மூலையிலேயே புதைத்தார்கள். எங்கள் மயானம் அப்படித்தான் உண்டானது.

அடையாளத்துக்கு, அவர் பொறுக்கி வரப்போரம் குவித்திருந்த கற்களில் ஒன்றைத் தலைமாட்டில் நட்டார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. யார் செத்தாலும் அவரவர் நிலத்துக் கல். பெயர் எழுத யாருக்கும் தெரியாது. எழுதாமலே எந்தக் கல் யாருடையது என்று அந்தந்த வீட்டாருக்குத் தெரியும். அம்மாவுக்கு அப்பாதான் கல் சுமந்துவந்து நட்டார். பக்கத்தில் தனக்கும் இடம் விடச் சொன்னார்.

அதன்பின் அவர் என்னோடு தல்லாகுளத்துக்கு வந்துவிட்டார். இதற்குள் எங்கள் ஆட்கள் படித்து, வேலைக்குப் போய், கார் வாங்கியிருந்தார்கள். அந்தப் புதர்க்காடு அவர்களுக்குக் கௌரவக் குறைச்சலாகிவிட்டது. பொறியாளரான என் அத்தை மகன் முன்னின்று ஜேசிபியை இறக்கினார். எங்களைத் திறப்பு விழாவுக்குத்தான் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் தரை கிரிக்கெட் ஆடலாம் போல மட்டமாக இருந்தது.

"கல்லெல்லாம் எங்க மச்சான்?"

"மேடைக்கு அடியில போட்டாச்சு மாப்ள. அருமையான கல்லு. ஜல்லி வாங்குற வேல மிச்சம்."

"எங்க அம்மா கல்லும் அதுல இருந்துச்சே."

"பேரா எழுதியிருந்துச்சு? அம்புட்டும் ஒண்ணு போலத்தான கெடந்துச்சு."

பக்கத்து ஊர்க்காரன் செய்திருந்தால் மறியல் பண்ணியிருப்போம். செய்தது எங்கள் ஆட்கள், அதுவும் நல்ல எண்ணத்தோடு. டீ கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தேன். அப்பா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு அங்குமிங்கும் நடந்தார். ஓரிடத்தில் நின்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு வேறிடம் போனார்.

காரில் ஏறியதும், "என்னைய எரிச்சுருப்பா" என்றார்.

"அம்மா பக்கத்துல வைக்கணும்னுதான சொல்லிட்டிருந்தீங்க?"

"எடம் தெரியாமத் தோண்டி, அடுத்தவன் பொண்டாட்டி பக்கத்துல போட்டுறாதீக." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஐப்பசியில், விடாத மழைக்கு நடுவே, அவரை அந்த மேடையில் எரித்தோம். அம்மாவின் கல் அதற்கடியில் எங்கோ கிடந்தது. அத்தை மகன் என் தோளில் கைபோட்டு, கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு சொட்டு ஒழுகல பாத்தியா மாப்ள?"